டிண்டால் பதவி

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் மழைக்காலத்துக் காலைப்பொழுதொன்றில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, ஹட் பேயிலிருந்தும் திக்லிபூரிலிருந்தும் நிக்கோபார்த் தீவுகளிலிருந்தும் வரும் கப்பல்களினின்று பெட்டியும் படுக்கையுமாக இறங்குகிற பிள்ளைகளின் முகத்தில், வீட்டைப் பிரிந்து வந்த துக்கமும் பெரிய ஊருக்குப் படிக்க வந்துவிட்டோம் என்ற பெருமிதமும் ஒன்றோடொன்று போட்டியிடுவது தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஹாடோ துறையில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் கிடந்து, சென்னையில் கரையிறங்கும்போதும் அவர்களுடைய முகம் அப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில், கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டில் வேலை செய்யும் ஒருவரின் மூத்த மகன் அவ்வாறு மெயின்லேண்டுக்குப் போனவன். முதல் விடுமுறைக்கு அவன் திரும்பி வந்தபோது, பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பதையும், கைப்பேசி ஒலித்தால் திடுக்கிட்டு எழுந்து நிற்பதையும் கண்டு, கடற்பயணத்தின் களைப்பென்று நாங்கள் எல்லோரும் சமாதானம் செய்துகொண்டோம். விடுதியில் அவனுக்கு ‘காலாபானி’ என்று பெயரிட்டு, நள்ளிரவில் எழுப்பி, ஆதிவாசி நடனம் ஆடிக் காட்டச் சொன்னார்கள் என்பதும், சீனியர்களின் முன்னே நிற்கும்போது தன் சட்டையின் மூன்றாம் பித்தானை மட்டுமே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டுமென்பது அங்கே சாஸ்திரம்போல் நிலைத்துவிட்ட விதி என்பதும் வெகுநாட்களுக்குப் பிறகு அவன் தாயாரின் வாயிலாகத் தெரிந்தது. மறு ஆண்டு அவன் வந்தபோது உடம்பு தேறியிருந்தது. குரலில் ஒரு கம்பீரம் சேர்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த கிராமத்துப் பையன் ஒருவனை ராத்திரி முழுவதும் நிற்கவைத்துப் பித்தானைப் பார்க்கச் செய்த கதையை அபிநயத்தோடு சொல்லி, “நாங்க பட்டதுல பாதிகூட இவனுங்க படல மாமா” என்று முடித்தான். பாதிக் கதை வரையில் நானும் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிரிப்பு நின்றதற்குக் காரணம் நம் ஊர்ச் சரித்திரம்தான். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையைப் பார்க்கவரும் யாத்திரிகர்கள், மாலையில் ஒலி-ஒளிக் காட்சியைக் கண்டு கண்ணீர் சிந்தி, வெள்ளைக்கார ஜெயிலரைச் சபித்துவிட்டுப் போகிறார்கள், அது நியாயமே. ஆயினும் அந்த ஜெயிலர் ஒருவனே. நூற்றுக்கணக்கான கைதிகளை அவனும் அவனைச் சேர்ந்த சில வெள்ளையரும் மாத்திரம் அடக்கி ஆண்டிருக்க முடியுமா? டிண்டால் என்றும் பெட்டி ஆபீசர் என்றும் ஜமாதார் என்றும் பட்டம் சூட்டி, கைதிகளிலிருந்தே சிலரைப் பொறுக்கியெடுத்து, நேற்று வரையில் செக்கிழுத்தவனை இன்று செக்கிழுப்பவன்மேல் ஏவிவிட்ட உபாயமே அந்த ராஜ்யத்தின் அஸ்திவாரம். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தீரவேண்டும் என்ற கட்டளை மேலேயிருந்து வந்ததென்றாலும், அளவு குறைந்தபோது வசைமொழியோடு விழுந்த அடி பெரும்பாலும் சக கைதியின் கையிலிருந்தே விழுந்தது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று வந்த இந்துபூஷண் ராய் 1912-இல் இச்சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வழக்கைச் சேர்ந்த உல்லாஸ்கர் தத்தர் சித்தம் கலங்கி, சென்னையிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இவர்களெல்லாம் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டவர்கள். டிண்டாலாக உயர்ந்து, அந்த உயர்வுக்காகத் தன் நெஞ்சின் ஈரத்தை விலையாகக் கொடுத்தவனுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

இளம்பிராயத்தினரைக் கொடுமைப்படுத்துவதன் தீங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம், படிப்பில் நாட்டம் குறைதல், பசியின்மை, தூக்கமின்மை, தன்னைத்தானே இகழ்ந்துகொள்ளுதல், சில சமயங்களில் உயிருக்கே ஆபத்து என்று பட்டவனுக்கு நேரும் கேட்டையே நாம் சொல்லுகிறோம். அவ்வளவும் உண்மை. ஆனால் பட்டவனே அடுத்த ஆண்டில் படுத்துகிறவனாகப் பதவி உயர்வு பெறுவதும், அதைத் தன் காயத்துக்கு மருந்தென்று அவன் நம்புவதும் இவற்றைக் காட்டிலும் பெரிய கேடு என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இல்லாமலில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் நீங்கி, 2011-இல் உச்சநீதிமன்றத்தில் மீண்டும் உறுதியாவதற்குள் பதினான்கு ஆண்டுகளுக்குமேல் ஓடிவிட்டன. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997-இல் இறந்ததையடுத்து, மறு ஆண்டே இலங்கையிலும் சட்டம் வந்தது. (அங்குள்ள தமிழர் இதற்குப் ‘பகடிவதை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள், விளையாட்டையும் வதையையும் ஒரே சொல்லில் பிணைத்துக் காட்டுகிற அந்தச் சொல்லின் நேர்மை, நாம் வாய்கூசாமல் வழங்குகிற ‘ராகிங்’ என்பதில் இல்லை.) பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, நம் தீவுகளின் கல்லூரிகள் உட்பட எங்கு சேரும் மாணவனும் அவனுடைய பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டாக வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான், 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் மாதக்கணக்கில் வதைபட்ட செய்தி வெளியாயிற்று.

அத்தனை மாதங்கள் அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பவர்கள், விடுதி வாழ்க்கையை அறியாதவர்கள் என்றே சொல்ல வேண்டும். முறையிடுகிறவன் ‘காட்டிக்கொடுத்தவன்’ ஆகிறான். நான்கு வருஷம் அவனோடு ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். வாய்மூடிப் பொறுத்தவனுக்கோ ஓராண்டு கழித்து டிண்டால் பதவி நிச்சயம். பயத்தோடு இந்த ஆசையும் சேர்ந்தே அவன் வாயை அடைக்கிறது. தீவுப் பிள்ளைக்கு மூன்று நாள் கடலும் நடுவே கிடக்கிறது. தவிர, கப்பல் கூலிக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் கடன் பட்ட தகப்பனாரிடம் ‘திரும்பி வந்துவிடட்டுமா’ என்று கேட்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

கூச்சம் தெளிவதற்கும் சீனியரோடு சிநேகம் உண்டாவதற்கும் இது ஓர் உபாயம் என்று வாதிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் தாமும் ஒருகாலத்தில் பித்தானைப் பார்த்து நின்றவர்களாதலால், அது வீண் என்று ஒப்புக்கொண்டால் தாம் பட்டதும் வீண் என்றாகிவிடுமே என்ற தவிப்பு அந்த வாதத்துக்கு அடியில் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வாதத்தை ஏற்கவும் முடியவில்லை.

முதலாண்டு முடிந்து வருகிற பிள்ளையிடம் ‘உன்னை யாராவது ஏதாவது செய்தார்களா’ என்று விசாரிக்க நமக்குத் தெரிகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்து வருகிறவனிடம் ‘நீ யாரை என்ன செய்தாய்’ என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. உறுதிமொழிப் பத்திரத்தைப் புதிதாகச் சேருகிறவனிடம் நீட்டுவதைவிட, சீனியராகிற அந்த நாளில் ஒவ்வொருவனையும் தனித்தனியே உட்காரவைத்து, அவன் பட்டதை அவன் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு கையொப்பம் வாங்குவது பயன் தரக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு விடுதிக் காப்பாளருக்கு வேண்டிய பொறுமை நிரம்ப அதிகம் என்பதையும் அறிவேன்.

டாக்யார்டுக்காரர் மகன் கதை சொன்ன அந்த மாலையில் நான் அப்படி ஏதும் கேட்கவில்லை. சிரிப்பு நின்றபின் மௌனமாக இருந்துவிட்டேன். அவன் தாயார் டீ கொண்டுவந்தாள். அடுத்த ஆண்டு கப்பலேற இருக்கிற தம்பி வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். விரலை வைத்து, தன் சட்டைப் பித்தான்களை மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்தான்.