மெம்பரும் வேண்டும், சபையும் வேண்டும்

பொன்முடி மலை பெரிங்கம்மலை கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. 2018இல் அந்தப் பஞ்சாயத்தின் எல்லைக்குள் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை நிறுவும் முயற்சி நடந்தது. காட்டுக்கும் தண்ணீருக்கும் கேடு வரும் என்று ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இத்தகைய விஷயங்களில் முடிவு செய்ய வேண்டியவர் யார்? ஐந்தாண்டுக்கொரு முறை நாம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளா, அல்லது மக்களே நேரில் ஓட்டளித்துத் தீர்மானிப்பதா?

நேரடி ஓட்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஒரிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், கிராம சபைகளைக் கேட்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கூடிய 12 கிராம சபைகளும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்றன. சுரங்கம் வரவில்லை.

ஆனால், எல்லாவற்றுக்கும் ஊரைக் கூட்டி ஓட்டெடுக்க முடியாது. குழாய் உடைந்தால் அன்றே ஒட்ட வேண்டும். அதற்கு மெம்பர் வேண்டும். இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒரு வார்டில் நம்மவர் வீடுகள் பத்தே என்றால், கை தூக்கும் கணக்கில் நாம் தோற்றுக்கொண்டே இருப்போம். சிறு தொகையினரின் தேவையையும் கவனிக்கும் பொறுப்பு, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பஞ்சாயத்துக்கே உண்டு.

கேரளத்தின் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் இரண்டையும் இணைக்கப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை. இங்கே வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். கூட்டுபவர் வார்டு மெம்பர். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு முதலிய உதவிகளுக்குப் பயனாளிகளின் முன்னுரிமைப் பட்டியல் அங்கேதான் தயாராகிறது. குறை என்னவென்றால், பெரிய ஆலை விஷயத்தில் சபையின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை.

அன்றாட நிர்வாகம் தேர்ந்தெடுத்தவர் கையில் இருக்கட்டும். மண்ணையும் நீரையும் ஒரு முறை கெடுத்தால் மீட்க முடியாது. அத்தகைய திட்டங்களுக்கு மட்டும் கிராம சபையில் ரகசிய ஓட்டெடுத்து, அதன் முடிவைச் சட்டம் ஏற்க வேண்டும் என்பதே நமது கருத்து.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே கிராம சபையின் உறுப்பினர். அந்தப் பட்டியலை மாநிலத் தேர்தல் கமிஷன் தனியே தயாரிக்கிறது. சட்டசபைப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பெயரைச் சொந்த ஊரில் வைத்துவிட்டு, இருபது வருஷமாக இங்கே குடியிருப்பவர்கள் நம்மில் பலர். குடிக்கும் தண்ணீர் இங்கே, ஓட்டு அங்கே என்றால், சபையில் நமக்காக யார் எழுந்து பேசுவார்?