மீன் தொட்டிக்கு ஒரு குழாய்

எங்கள் வீட்டு மீன் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கொளத்தூரில் வாங்கிய கப்பியும் மோலியும் அதில் ஓடுவதைப் பார்த்தால் சின்னவன் சோறு தானாக உள்ளே போகும். ஆனால் உள்ளே 80 லிட்டர் தண்ணீர் ஆயிற்றே! வாரம் ஒரு தடவை கால் பங்கை மொண்டு கொட்டுவது யார்? இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு வலி. "வாளியைத் தூக்காதீங்கம்மா" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவருக்கோ துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை.

"ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிடலாம் அண்ணி" என்றார் கொழுந்தனார். சுவரில் ஆணி அடிக்கத் துளைக்கும் மெஷினை எடுத்து, பழைய சின்னத் தொட்டியில் ஒத்திகை பார்த்தார். டப்! குறுக்கே இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, குழந்தை பக்கத்து அறையில் தூங்கினான். எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம்.

ராயபுரத்தில் கண்ணாடி வெட்டும் பெரியவரிடம் போனோம். "செம்புக் குழாயும் கார்போரண்டம் பொடியும் வெச்சுக் கையாலே தேய்ச்ச ஆளும்மா நானு. இப்போ டைமண்ட் பிட் வந்துடுச்சு" என்றவர், முதலில் கேட்டது வேறு: "சாதாக் கண்ணாடியா, டஃபண்டா?" டஃபண்டு கண்ணாடியைத் துளைக்கவே முடியாதாம், கற்கண்டு மாதிரி மொத்தமும் பொடிந்துவிடுமாம். எங்களுடையது சாதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது.

தொட்டியைக் காலி செய்து, மடித்த ஜமக்காளத்தின் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். குறித்த இடத்தில் இரு பக்கமும் டேப். சுற்றிலும் சப்பாத்தி மாவால் நான் ஒரு வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றினேன் (மாவுக்கு இப்படியும் ஒரு வேலை!). கண்ணாடி சூடாகக் கூடாது, தூசும் பறக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் இருப்பதால் கரண்ட் மெஷின் வேண்டாம், பேட்டரி மெஷின்தான். அடிக்கும் 'ஹாமர்' விசையை நிறுத்திவிட்டு, மெதுவாக, அழுத்தாமல் சுற்ற வேண்டும். கடைசி நூலளவு வரும்போது கையை இன்னும் லேசாக்க வேண்டும். அவசரப்பட்டால் அடிப்பக்கம் சில்லு பெயரும். ஓரத்திலிருந்து துளையின் அகலமாவது தள்ளியிருக்க வேண்டும்.

பிட்டை வாங்கும் முன் டேங்க் நிப்பிளை வாங்கி, அதன் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். மாடித் தொட்டிக்குப் போடுவதே போதும். ரப்பர் வாஷர் உள்பக்கம். நட்டைக் கையால் இறுக்கினால் சரி, ஸ்பேனர் போட்டால் கண்ணாடி விரியும். ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் வாசலில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தோம்.

துளையை அடியில் போடலாம் என்றார் கொழுந்தனார். நான்தான் பிடிவாதமாக ஆறங்குல உயரத்தில் போடச் சொன்னேன். இப்போது டியூபை மாட்டி, பின்பக்க முருங்கைக்கு விட்டுவிடுகிறேன். ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரால் திரும்ப நிரப்புவது இவர் பொறுப்பு.

போன மாதம் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் சலசலவென்று சத்தம். சின்னவன் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான். பாய், தலையணை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. மீன்கள் மிச்சமிருந்த பாதித் தண்ணீரில் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து குழாயின் கைப்பிடி என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.