இமை இறங்கினால்...

மேல மாசி வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்திரண்டாம். மேல் இமைத் தோல் தளர்ந்து கண்ணின் மேல் திரைபோலத் தொங்குகிறதாம். "பார்ப்பவர்களெல்லாம், 'ராத்திரி தூங்கவில்லையா? உடம்புக்கு என்ன?' என்கிறார்கள். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா என்றால், 'இந்த வயசில் உனக்கென்ன அலங்காரம்?' என்கிறாள் நாத்தனார்" என்று மனம் நொந்திருக்கிறார்.

நாத்தனார் சற்று இருக்கட்டும், அம்மா. நான் ஒன்று கேட்கிறேன்: பஸ் நம்பரைப் படிக்க மோவாயை உயர்த்துகிறீர்களா? புருவத்தைத் தூக்கித் தூக்கி, சாயந்திரம் நெற்றி வலிக்கிறதா? அப்படியானால் இது அலங்காரமே அல்ல; பார்வைச் சமாசாரம். மறைப்பு எவ்வளவு என்று டாக்டர் அளந்தே சொல்லிவிடுவார். அழகுக்காகத்தான் என்றாலும் வெட்கப்பட என்ன இருக்கிறது? தலைக்குச் சாயம் பூசாத நாத்தனார் எந்த ஊரில் இருக்கிறாள்?

ஆனால் தோல் தொங்குவது வேறு, இமையைத் தூக்கும் தசையே தளர்வது வேறு. இரண்டாவதற்குச் சிகிச்சையும் வேறு. காலையில் சரியாக இருந்து மாலையில் இமை இறங்கினால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். தசைகள் சோர்ந்துபோகும் நோயாக இருக்கலாம். திடீரென்று ஒரு நாளில் இமை விழுந்து, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கல்யாண வேலையைப் போட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு கண் டாக்டருக்கு அலைய வேண்டுமா? முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், இன்று இமைக்கும் கண்குழிக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. எங்கே போனாலும் இமை வேலையில் தேர்ந்தவரா என்று விசாரித்துப் போங்கள். அழகு நிலையத்துப் பேச்சை நம்பிப் போகாதீர்கள்.

ஆபரேஷன் பெரிய பூதமல்ல. பெரும்பாலும் இமையில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். இயற்கையான மடிப்பிலேயே கீறி, அதிகப்படித் தோலை நீக்கித் தைப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்றே வீடு திரும்பலாம்.

மறுநாள் கண்ணாடி பார்க்காதீர்கள்! இமை வீங்கி, கன்றிச் சிவந்து, யாரோ குத்திவிட்டாற்போல் இருக்கும். முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது எல்லாம் மருமகள் பார்த்துக்கொள்ளட்டும். ஐந்தாறு நாளில் தையல் பிரிப்பார்கள். கன்றல் மறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை மை வேண்டாம். பாட்டி வைத்தியமென்று விளக்கெண்ணெய் விடவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு உண்டா, கண் உலர்ந்து உறுத்துமா என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவும் கூடாது. தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் முழுக்க மூடாது. அதனால்தான் கெட்டிக்கார டாக்டர் கொஞ்சம் மிச்சம் வைப்பார். அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதுண்டு. கடும் வலியோடு பார்வை மங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் நடுராத்திரியானாலும் புறப்பட வேண்டும்.

கண்ணைச் சுற்றிய கருமை இதனால் போகாது. கடைக்கண் சுருக்கமும் போகாது. கீழிமைப் பை வேறு விஷயம். அதற்குத் தனி ஆபரேஷன். இரண்டு கண்ணும் அச்சில் வார்த்தாற்போல் இருக்குமென்றும் எதிர்பார்க்காதீர்கள். இப்போது மட்டும் அப்படியா இருக்கின்றன?

தையில் கல்யாணமென்றால், ஐப்பசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் செய்துகொண்டால் வீக்கத்தோடுதான் மணையில் நிற்பீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கல்யாணப் போட்டோவை மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்தக் காலத்தில் உங்கள் இமை எப்படி இருந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டாமா? நாத்தனாரையே துணைக்கு அழைத்துப் போங்கள்.