தலைசுற்றல் எல்லாம் மசக்கை அல்ல!

எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? ஒரு புறம் விருதுநகர், மறு புறம் சிவகாசி. சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை. தூரத்தில் 'டமார்' என்று கேட்டால் போதும், "எந்த ஆபீஸ்லப்பா?" என்று ஊரே தெருவுக்கு வந்துவிடும். சத்தம் போட்டு வருகிற ஆபத்தைப் பற்றி எங்கள் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் சத்தம் இல்லாமல், நிறம் இல்லாமல், வாசனையும் இல்லாமல் வீட்டுக்குள் வருகிற ஓர் ஆபத்து உண்டு. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இதைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் இது இரண்டு உயிர் சமாச்சாரம்.

புகையாத நெருப்பு

விறகோ, கரியோ, மண்ணெண்ணெயோ, கேஸோ, பெட்ரோலோ... எது எரிந்தாலும் அதற்குக் காற்று வேண்டும். போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது இந்த வாயு உண்டாகிறது. எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, நாள் கணக்கில் கரிமூட்டம் போடுவார்கள். காற்றை அடைத்து எரிப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

'நெருப்பில்லாமல் புகையாது' என்பார்கள். வாஸ்தவம். ஆனால் புகையாத நெருப்பும் உண்டு! விறகடுப்பு என்றால் கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து வெளியே போய்விடுவோம். செக்கச்செவேல் என்று கனன்று கிடக்கும் கரியில் புகையே இருக்காது. "புகை அடங்கிருச்சு, உள்ளே கொண்டு வா" என்கிறோமே, நிஜமான ஆபத்து அப்போதுதான் உள்ளே வருகிறது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் என்ன நடந்தது? சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், கோழி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தில், கேரளாவிலிருந்து போன 8 பேர் அடைத்த அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கி இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் வாயு

டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இந்த வாயு அதைத்தான் செய்கிறது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பஸ். அதில் ஏற வேண்டியது ஆக்ஸிஜன். கார்பன் மோனாக்சைடு அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இடம் பிடித்துவிட்டால் லேசில் இறங்காது. வெளிக்காற்றுக்கு வந்தபிறகும், ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும்.

வயிற்றுப் பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். தாயின் ரத்தத்தில் இருந்து இந்த வாயு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறி நின்றபின் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிட 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். இறங்குவதற்கும் தாயைவிட அதிக நேரம் எடுக்கும். வயிற்றுக்குள் பிள்ளை ஏற்கெனவே குறைந்த ஆக்ஸிஜனில்தான் வாழ்கிறது. அதிலும் பங்கு போனால்? மூளை பாதிக்கலாம், உயிரே போகலாம். தாய் பிழைத்து எழுந்து, பிள்ளை மட்டும் போய்விடுவதும் நடக்கிறது.

ரத்தசோகை உள்ள பெண் என்றால் கேட்கவே வேண்டாம். இருப்பதே பாதி பஸ்!

பிள்ளையின் எடையும் அடுப்பும்

ஒரேயடியாக மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகை பிடிக்கும் உடம்பும் கணக்கு வைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் பிறந்த 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் ஓர் அறிக்கை வந்தது. விறகு, வரட்டி எரிக்கும் வீடுகளில் எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 49 சதவீதம் அதிகம் என்றது அது. அடுப்புப் புகையில் பல நஞ்சுகள் கலந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு அவற்றில் முக்கியமான ஒன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியா (தமிழ்நாடு) உட்பட 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு, கர்ப்பம் ஆனபிறகு கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. பிள்ளையின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் கேஸ் வேண்டாமா? இல்லை. மாசமான பிறகு அவசரமாக அடுப்பை மாற்றுவதைவிட, கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வரும்போதே சமையலறை சுத்தமாக இருக்க வேண்டும். இது என் கருத்து.

"எங்க வீட்ல கேஸ்தானே டாக்டர்?"

சரி. உங்கள் கேஸ் அடுப்பு நீல நிறத்தில் எரிகிறதா? மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறீர்களா? அதன் இடம் வெளியே. கரண்ட் போனதும் ஜெனரேட்டரை வராந்தாவில் ஓட்டுகிறீர்களா? மூடிய ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறீர்களா? வீட்டுக்குள் ஒருவர் சிகரெட், பீடி பிடிக்கிறாரா? எல்லாம் ஒரே வாயுதான்.

வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அங்கே என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், தலை காய சாம்பிராணி. "காத்துப் பட்டா சன்னி வந்துரும்" என்று பாட்டி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுகிறார். பக்கத்தில் சிரட்டைக் கரி கனலும் தூபக்கால். பிரசவம் ஆனபின் பச்சை உடம்புக்காரிக்கும் கைப்பிள்ளைக்கும் இதே உபசாரம்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். நம் 32 புற மருத்துவ முறைகளில் புகையும் ஒன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணியை அறைக்குள் அடைத்து, கரியைக் கனலவிடுவது மருத்துவம் இல்லை. மணம் வேண்டுமா, முற்றத்தில் காட்டுங்கள். தலை காய வேண்டுமா, நல்ல துண்டும் இளவெயிலும் போதும். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது... பிள்ளை நன்றாகப் பிறக்க வேண்டும் என்றுதானே நீங்களும் இத்தனையும் செய்கிறீர்கள்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மசக்கைதான், படுத்தா சரியாயிரும்." அந்த மூடிய அறையிலேயே படுக்க வைத்துவிட்டால் என்ன ஆகும்?

மூன்று கேள்வி கேளுங்கள். அடுப்போ கரியோ கீசரோ எரியும்போது மட்டும் வருகிறதா? வெளியே போய் உட்கார்ந்தால் குறைகிறதா? வீட்டில் மற்றவர்களுக்கும் அதே நேரத்தில் தலை வலிக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சந்தேகப்படுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தலைவலி வந்தால் ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். எப்படியும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மயக்கம் வந்துவிட்டால் கதவைத் திறந்து முதலில் ஆளை வெளியே கொண்டு வாருங்கள். உடனே 108. கஷாயம், சுக்குக் காபி எதுவும் வேண்டாம், என்னைத் தேடியும் வர வேண்டாம். நாடி பிடித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து ஆக்ஸிஜன்தான், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. போனதும், "மூடிய ரூம்ல கரி எரிஞ்சது, மாசமா இருக்கா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏன் என்றால் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி இந்த வாயுவை ஆக்ஸிஜன் என்றே நினைத்து 'எல்லாம் நார்மல்' என்று காட்டும்! தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். பெண் தெளிந்து எழுந்தாலும், "நல்லாயிட்டா, கூட்டிட்டுப் போறோம்" என்று கிளம்பாதீர்கள். பிள்ளையின் ரத்தம் தெளிய அவளைவிட அதிக நேரம் ஆகும். டாக்டர் சொல்லும்வரை ஆக்ஸிஜன் தொடரட்டும்.

மாசமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிகிறார்கள். எடை, ரத்தம், பிரஷர் எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதோடு, "உங்க வீட்ல எதை வச்சு எரிக்கிறீங்க? ஜன்னல் இருக்கா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் புண்ணியமாகப் போகும். பைசா செலவில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் மாசமாக இருந்தால் அவளிடமும் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று பாடுபட்டு ஏற்றிய ரத்தம்... அதில் ஆக்ஸிஜன் உட்கார இடம் இருக்கட்டும். இன்றைக்கே ஜன்னலைத் திறந்து வையுங்கள்!