அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டு

நற்செய்தியாளர் மாற்கு சொற்களை வீணாக்குபவர் அல்லர். ஆயினும் தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளைப் பற்றி எழுதுகையில் இரண்டு சிறு செய்திகளை மறவாமல் குறித்து வைக்கிறார். ஒன்று, அவளுக்கு வயது பன்னிரண்டு. மற்றொன்று, எழுந்து நடந்த அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு ஆண்டவர் பணித்தார். இவற்றுக்கு முன் நடந்த ஒன்றையும் அவர் விடவில்லை. சிறுமியின் கதை முடிந்துவிட்டது, இனிப் போதகர் அவ்வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று வழியிலேயே சிலர் வந்து தந்தையிடம் சொல்லிவிட்டனர். போதகர் என்றால் கற்பிப்பவர். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இனிக் கற்பிப்பவர் வேண்டியதில்லை என்று முடிவு கட்டும் கூட்டம் அன்றே இருந்திருக்கிறது.

இன்றும் இருக்கிறது. அம்பத்தூரில், ஆவடியில், பூவிருந்தவல்லியில், நம் ஆலய மணியோசை கேட்கும் தொலைவிலேயே இருக்கிறது. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு சிறுமி பள்ளிக்குப் போவதை விட்டுவிடுகிறாள். என்ன ஆயிற்று என்று யாரேனும் கேட்டால், "நின்றுவிட்டாள்" என்கிறோம். நம் முதல் பொய் இச்சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. மழை நின்றது என்று சொல்வதுபோல, எவர் கையும் படாமல் நிகழ்ந்த ஒன்றாக அதை ஆக்கிவிடுகிறோம். அவள் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டாள். நிறுத்தியவர்களுள் நாமும் உண்டு என்பதே இங்கு நாம் வைக்கும் வழக்கு.

உடனே ஒரு மறுப்பு எழும். "தமிழ்நாட்டில் எல்லாமே இலவசம் ஆயிற்றே! இதற்கு மேலும் படிக்கவில்லை என்றால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றுதானே பொருள்?" ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில் நாம் பலமுறை கேட்ட வாதம் இது, சிலமுறை நாமே சொன்னதும் கூட. இதன் முற்பகுதி உண்மை. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் சத்துணவாக விரிந்தது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயணச் சீட்டு என ஒவ்வொன்றாக வந்தன. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. 2024 ஜூலை 15 அன்று அது ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னம்மாள் பள்ளியில். அனைத்தையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இவையெல்லாம் பள்ளி வாயில்வரை அவளைக் கொண்டு சேர்ப்பவை. அல்லது வாயிலுக்கு உள்ளே அவளைத் தாங்குபவை. தன் வீட்டு வாயிலைத் தாண்டுவதற்கு அவளுக்கு வேறொன்று தேவை. அது நேரம். ஏழைச் சிறுமியிடமிருந்து காசைப் பறிக்க முடியாது; அவளிடம் காசு இல்லை. பறிக்கப்படுவது அவளுடைய நேரமே.

1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையாலும், ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளாலும் வாழ்வு பெற்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. தென் மாவட்டங்களிலிருந்து வந்து, வேலை பெற்று, மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியவர்கள் நாம். அதே தொழிற்பேட்டையில், மக்கள் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்றழைக்கும் ஆடைத் தொழிற்கூடத்தில், இன்று ஒரு தாய் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறாள். காலையில் கம்பெனி வண்டி வருமுன் அவள் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். இன்னொரு தாய் நம் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிறாள். நாம் அலுவலகம் புறப்படுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் ஆறரை மணிக்கே கதவைத் தட்டுகிறாள். அந்நேரத்தில் அவள் வீட்டில் இருப்பது யார்? மூத்த மகள். தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைப்பவள், உலை வைப்பவள், தம்பிக்குத் தலைவாரி விடுபவள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்குப் போகாமல் தங்கிவிடுபவள் அவளே. ஒரு நாள், இரண்டு நாள், பிறகு ஒரு வாரம். கணக்குப் பாடம் புரியாமல் போகிறது. வகுப்பில் எல்லார் முன்னும் எழுந்து நிற்கும் வெட்கம் சேர்கிறது. அப்போது நாம் சொல்கிறோம்: "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை."

நடுவணரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். அக்கணக்கு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டு வேலைக்கு நாம் குறைத்துக் கொடுக்கும் கூலியின் மீதியை, வேறொரு வீட்டில் ஒரு சிறுமி தன் பள்ளி நாள்களைக் கொண்டு செலுத்திவருகிறாள்.

அடுத்த தடை இடப்பெயர்வு. கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுள் பல, அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டிலும் பூவிருந்தவல்லிக்கு அப்பால் கூடப்பாக்கத்திலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டன. வீடு கிடைத்தது, பழைய பள்ளி தொலைவுக்குப் போய்விட்டது. மகனைப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் தாய், மகளை அனுப்பத் தயங்குகிறாள். பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனால், "டி.சி. எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்புவரை சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அதை அத்தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அச்சட்டமும் பதினான்கு வயதோடு கை கழுவிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாயிலில் அவள் தனியே நிற்கிறாள்.

பிறகு ஊரார் கண். அவள் வயதுக்கு வந்தவுடன் கடன் வாங்கி மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு நடத்துகிறார்கள். கத்தோலிக்கர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல; நாமும் மொய் எழுதிவிட்டு, உண்டுவிட்டு வருகிறோம். நேற்றுவரை மாணவியாக இருந்தவளை மணப்பெண்ணாகப் பார்க்க ஊருக்குக் கற்றுத்தரும் விழா அது. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுடைய பெண்களுள் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு வயது நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டிற்று. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருத்தி! அரசும் நெடுங்காலம் படிப்பையும் தாலியையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருந்தது. 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பள்ளிப் படிப்பைத் திருமண உதவிக்குத் தகுதியாக வைத்தது. நோக்கம் நல்லதே, ஆனால் படிப்பின் பரிசு திருமணம் என்றாகிவிட்டது. 2022இல் அத்திட்டமே "புதுமைப் பெண்" எனப் பெயர் மாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரலாயிற்று. 2024 டிசம்பரில், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அது விரிந்தது. அரசு தன் மனத்தை மாற்றிக்கொண்டது. நாம் மாற்றிக்கொண்டோமா? நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடம், "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்கிறோமா, "பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறோமா?

இனிக் கசப்பான பகுதி. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபை அருட்சகோதரியர் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கினர். அச்சபையை 1775இல் நிறுவிய நானோ நேகிள், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், கார்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு மறைவாகப் பள்ளி நடத்தியவர். ஏழைச் சிறுமிக்காகச் சட்டத்தையும் மீறத் துணிந்தவர்களின் மரபு நம்முடையது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடம் தரவேண்டும் என்னும் விதியிலிருந்து நம் பள்ளிகள் விலக்குப் பெற்றன. 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பை ஐயுற்று, பெரிய அமர்வு ஆராயவேண்டும் எனக் கருதியது. வழக்கு எப்படியும் முடியட்டும். அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமையை நாம் போற்றுகிறோம், அதற்காக வாதாடுவோம். ஆனால் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் நற்செய்தியிலிருந்தும் விலக்குப் பெற்றார்களா? இவ்வுலகப் பொருளில் வறியோர்மீது திருச்சபையின் பள்ளிகள் தனிக் கருத்துச் செலுத்தவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கேட்டுக்கொண்டது.

உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகளில் ஏழைச் சிறுமியர்க்காகத் தம்மைத் தேய்த்துக்கொண்ட துறவியர் பலரை அறிவோம். அவர்களை நாம் குறைகூறவில்லை. அப்பள்ளியின் வாயிலைக் கடந்து, கட்டணம் மிகுந்த ஆங்கிலவழிப் பள்ளியில் நம் பிள்ளைக்கு இடம் கேட்டு, பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்துக்காக வரிசையில் நிற்பவர்கள் நாம். வேலைக்கு வரும் அம்மாவின் மகளுக்காக அப்படி ஒரு கடிதம் கேட்டு நின்றவர் நம்மில் எத்தனை பேர்?

செய்யத்தக்கவை நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. வரவேற்பு விழாக்களுக்கு வாடகைக்கு விடும் பங்கு மண்டபம் மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. காலையில் அங்கே கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் நடந்தால், பல மூத்த மகள்கள் பள்ளிக்குப் புறப்படுவார்கள். மாலையில் அங்கே விளக்கெரிந்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் விட்டுப்போன பாடங்களைச் சொல்லித் தருவார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுக்கும் வீட்டில், மூத்தவள் இன்று பள்ளிக்குப் போனாளா என்றும் கேட்கட்டும். அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டோடு அவள் வருகைப் பதிவும் பேசப்படட்டும். வேலைக்கு வரும் தாய்க்கு நியாயமான கூலியும், வார விடுப்பும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வர ஒரு மணி நேரமும் கொடுப்போம். "வீட்டோடு வைத்துப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிக் கிராமத்திலிருந்து சிறுமியை அழைத்துவந்து அடுப்படியில் நிறுத்தும் பாவத்தை, பாவம் என்றே பெயரிட்டு விலக்குவோம்.

யாயிரின் வீட்டில் கூடியிருந்தோர் ஆண்டவரைப் பார்த்து நகைத்தனர். அவர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சிறுமியின் கையைப் பற்றினார். இன்று அவர் நம் தெருவில் அப்படியொரு வீட்டுக்குள் நுழைந்தால், நம்மை உள்ளே இருக்கச் சொல்வாரா, வெளியே அனுப்புவாரா?