நாகூரில் மட்டும் தயக்கமேன்?

விடுமுறையில் தஞ்சை மண்ணுக்குச் செல்லும் டில்லித் தமிழ்க் குடும்பங்களுள் சில, நாகப்பட்டினம் வரை சென்றும் நாகூர் தர்காவை எட்டிப் பாராமல் திரும்புகின்றன. சமாதியை வணங்குதல் நம் மரபன்று என்பது அவர்தம் வாதம்.

நன்று! மந்திராலயத்தில் ராகவேந்திரரின் பிருந்தாவனத்தை வலம் வருகிறோமே, அஃது என்ன? அங்கே ஒரு நீதி, ஷாகுல் ஹமீது ஆண்டகையிடம் வேறொரு நீதியா?

தர்காவின் மிக உயர்ந்த மினாரா, ஏறத்தாழ 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (ஆட்சி 1739–1763) எழுப்பியது. அரசர் கிடக்கட்டும், குழந்தைக்கு முடியிறக்கவும், வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் செய்து காணிக்கையிடவும் வரும் இந்துக்களை இன்றும் அங்கே காணலாம். இவர்கள் சமரசம் பற்றி மேடையில் முழங்கியவர்கள் அல்லர். நோய் தீரவேண்டும், பிள்ளை பிழைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டார்கள், நேர்ந்ததைச் செலுத்துகிறார்கள். அதற்காக மதம் மாறும்படி எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

தர்கா வழிபாடு தகாதென்போர் இஸ்லாமியரிலும் உளர். இருபுறத்துத் தடைகளுக்கும் இடையே நசுங்குவது எளியோரின் பக்தியே.

பிள்ளைகள் தமிழை மறவாதிருக்கச் சங்கம் கண்ட நாம், பாட்டியின் நேர்ச்சையைப் பேரன் கேலி செய்ய விடலாமா? அடுத்த விடுமுறையில் நாகூரில் இறங்குங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.