பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

1993-இல் வெளிவந்த டொயோட்டா சுப்ராவின் டர்போ எஞ்சினை 500 குதிரைத்திறனுக்கு உயர்த்துவோர் பலர். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 180 லிட்டர் பெட்ரோல் வேண்டும். பெட்டியில் 255 லிட்டர் என்று கண்டதும் அந்தப் பம்பை வாங்கிவிடலாமா? கூடாது என்பேன். எந்த அழுத்தத்தில் 255 என்பதன்றோ கேள்வி! டர்போ 1.5 பார் காற்றை அழுத்தினால், 3 பாராக இருந்த பெட்ரோல் அழுத்தமும் 4.5 ஆக வேண்டும். அழுத்தம் ஏற, பம்பு தள்ளும் அளவு குறையும். கிணற்று மோட்டார் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றத் திணறுவதைப் பார்த்த என் தந்தைக்கு இது படிக்காமலே தெரியும். பழைய மெல்லிய ஒயரில் மின்னழுத்தமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். முழு வேகத்தில் பெட்ரோல் பற்றாமற்போனால் பிஸ்டனே உருகும். எனவே 4.5 பாரில், 13 வோல்ட்டில் எத்தனை லிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். அதற்காக மிகப் பெரிய பம்பும் வேண்டாம். சுற்றிச் சுற்றித் திரும்பும் பெட்ரோல் தொட்டியைச் சூடாக்கிவிடும்.